ருசியான போர் தண்ணீரும் இறுகிப்போன நிலமும்

கேள்வி: "போடி தாலுகா சிலமலையில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலம். 60 அடிக் கிணறு ஒன்று உண்டு. அந்தத் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். 9 வருடத்துக்கு முன்பு 650 அடிக்கு போர் போட்டோம். தண்ணீர் அவ்வளவு ருசி. சோப்பு நன்றாக நுரைக்கிறது, பருப்பு சீக்கிரம் வெந்துவிடுகிறது. அன்றிலிருந்து கிணற்றை அப்படியே விட்டுவிட்டோம். வீட்டுக்கும் வயலுக்கும் போர் தண்ணீர்தான். மூன்று நான்கு வருடமாக நிலம் மாறிவிட்டது. பாய்ச்சினால் தண்ணீர் உள்ளே இறங்காமல் இரண்டு நாள் நிற்கிறது. காய்ந்தால் ஓடு மாதிரி இறுகுகிறது. நிலக்கடலை முளைத்து வெளியே வரவே சிரமப்படுகிறது. வந்த செடியும் வெளிறிப்போகிறது. தண்ணீரில் கோளாறு இருக்குமா? எங்கே பரிசோதிப்பது? இன்னொன்று, 8 வயது மகனுக்குப் புதிதாக முளைத்த முன்பற்களில் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைத் திட்டு இருக்கிறது. இதை விவசாயப் பத்திரிகையில் கேட்கலாமா என்று தெரியவில்லை."
– வாசகர், சிலமலை.

பதில்: தாராளமாகக் கேட்கலாம். இந்தக் கடிதத்தில் முக்கியமான கேள்வியே கடைசியில் தயங்கிக்கொண்டு கேட்டதுதான். நிலம் இறுகுவதற்கும் பல்லில் திட்டு விழுவதற்கும் ஒரே தண்ணீர் காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு. பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை அதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கடிதத்தில் பெருமையாகச் சொல்லப்பட்ட மூன்று குணங்கள் (ருசி, நுரை, பருப்பு வேகுவது) சந்தேகத்தைப் போக்குவதற்குப் பதிலாகக் கூட்டத்தான் செய்கின்றன.

சோப்பு நுரைக்காமல், பருப்பு வேகாமல் படுத்துவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான். அவை குறைவாக இருந்தால் தண்ணீர் மென்மையாகத் தெரியும். மழைநீர் அப்படித்தான் இருக்கும். ஆனால் 650 அடியில் இருப்பது நேற்றுப் பெய்த மழை இல்லை. சிலமலை, ராசிங்கபுரம், தேவாரம் பக்கமெல்லாம் மலைக்குக் கிழக்கே மழை மறைவில் இருக்கும் ஊர்கள். தென்மேற்குப் பருவமழை ஏலமலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் பெரும்பாலும் காற்றைத்தான் அனுப்புகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் பெரிதும் நிலத்துக்குள் இறங்க வேண்டும். மேலே மக்கிய பாறை, அதற்குக் கீழே கடினப் பாறை. அந்தப் பாறையின் வெடிப்புகளில்தான் தண்ணீர் நிற்கிறது. ஆழம் போகப் போக, தண்ணீர் பாறையோடு ஒட்டிக் கிடந்த காலமும் கூடும்.

அப்படிக் கிடக்கும்போது பாறையிலிருந்து சோடியமும் பைகார்பனேட்டும் தண்ணீரில் சேருகின்றன. கால்சியமோ சுண்ணாம்பாகப் படிந்து தண்ணீரை விட்டு விலகிவிடுகிறது. பாறையில் இருக்கும் அப்பிரகம் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடும் கரைகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால், அது ஃபுளோரைடை ஓரளவுக்கு மேல் கரையவிடாமல் பிடித்துக்கொள்ளும். கால்சியம் இல்லாத மென்மையான தண்ணீரில் தடுப்பார் யாரும் இல்லை. அதனால்தான் நாக்குக்கு நன்றாக இருக்கும் ஆழ்துளைத் தண்ணீரில், நிலத்தைக் கெடுக்கும் சோடியம் பைகார்பனேட்டும், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடும் சில இடங்களில் சேர்ந்தே வருகின்றன. ஃபுளோரைடுக்கு ருசி கிடையாது, நிறம் கிடையாது, வாடையும் கிடையாது.

தண்ணீரிலிருந்து வரும் இந்த நோயை நம் பக்கத்தில் முதலில் கண்டுகொண்டவர்கள் விவசாயிகள்தான். 1930களில், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், உழவு மாடுகள் மூட்டு விறைத்து நடக்க முடியாமல் போவதை அவர்கள் கவனித்தார்கள். மனிதர்களிடமும் அதே நோய் இருப்பதை 1937ல் ஷார்ட் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள். தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இதற்குப் பேர்போனவை. 2013ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அங்கே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கக் கொண்டுவரப்பட்டதுதான். மத்திய நிலத்தடி நீர் வாரியம், சில இடங்களில் அளவுக்கு மேல் ஃபுளோரைடு காணப்படுவதாகச் சொல்லும் மாவட்டங்களில் தேனியும் ஒன்று. இதனால் தேனி மாவட்டத்துத் தண்ணீர் எல்லாமே மோசம் என்று அர்த்தமில்லை. பக்கத்துத் தோட்டத்து போர் 100 அடி தள்ளி இருந்தாலும் வேறொரு வெடிப்பிலிருந்து தண்ணீர் எடுக்கலாம். எனவே ஒவ்வொரு போரையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். அண்ணன் தோட்டத்து முடிவு தம்பி தோட்டத்துக்கு உதவாது.

போர் போடும்போது தேங்காய் வைத்துப் பார்க்கிறோம், வேப்பங்குச்சி பிடித்துப் பார்க்கிறோம், கருவி வைத்துப் பார்க்கிறோம். லட்சக்கணக்கில் செலவழித்து, தண்ணீர் பீறிட்டு வந்ததும் பூசை போட்டுக் கும்பிடுகிறோம். வந்த தண்ணீரில் ஒரு லிட்டரைக் கேனில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர் மட்டும் ஊருக்கு ஒருவர்கூட இருப்பதில்லை.

இந்தத் தண்ணீருக்கு இரண்டு பரிசோதனைகள் தேவை. இரண்டும் வேறு வேறு. பாசன நீர்ப் பரிசோதனையில் பி.எச்., மின்கடத்தும் திறன், கார்பனேட், பைகார்பனேட், குளோரைடு, கால்சியம், மக்னீசியம், சோடியம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அதில் ஃபுளோரைடு வழக்கமாக வராது. குடிநீர்ப் பரிசோதனையில் ஃபுளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை, கிருமி எல்லாம் வரும். ஆனால் பயிருக்கு வேண்டிய கணக்கு அதில் இருக்காது. ஒன்றைக் கொடுத்துவிட்டு, "டெஸ்ட்ல நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்று இன்னொன்றுக்கும் நம்பிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

பாசன நீருக்கு வேளாண்மைத் துறையின் மாவட்ட மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. நேரில் போக முடியாதவர்கள் போடி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். காமாட்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலும், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலும் ஆலோசனை பெறலாம். குடிநீருக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடம். 2021ல் ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ், இத்தகைய கூடங்களில் பொதுமக்களும் சிறு கட்டணம் செலுத்தித் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்டது. அதே திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தர வேண்டும் என்றும் இருக்கிறது. சிலமலை வாசகர் முதலில் ஊராட்சி அலுவலகத்தில் அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்கலாம். மருந்து ஊற்றி நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை. ஃபுளோரைடு இருக்கிறதா என்று ஊரிலேயே தோராயமாகத் தெரிந்துவிடும். துல்லியமான அளவுக்குக் கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பரிசோதனை இருக்கிறது. மோட்டாரைப் போட்டவுடன் வருவது குழாய்க்குள் தேங்கிக் கிடந்த தண்ணீர். 20 முதல் 30 நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகு பிடிக்க வேண்டும். சொட்டுநீர் அமைப்பு இருந்தால், உரத் தொட்டிக்கும் வென்சுரிக்கும் முன்னால் இருக்கும் வால்விலிருந்து பிடிக்க வேண்டும். பின்னால் பிடித்தால் நேற்றுக் கரைத்துவிட்ட யூரியாவையும் சேர்த்து அளந்து கொடுப்பார்கள். புதிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் நல்லது. பூச்சிமருந்து, ஆசிட், பினாயில் இருந்த பாட்டில் எத்தனை முறை கழுவினாலும் ஆகாது. அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்றுக்கு இடமில்லாமல் விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். பெயர், ஊர், சர்வே எண், கிணறா போரா, ஆழம், எடுத்த தேதி, என்ன பயிர், என்ன மண் ஆகியவற்றை எழுதி ஒட்டி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுப்பது உத்தமம். கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் இந்த முறை செல்லாது. அதற்குக் கூடத்திலேயே சுத்திகரித்த பாட்டில் தருவார்கள். அதை அலசக்கூடாது, மூடியின் உள்பக்கத்தைத் தொடக்கூடாது, ஐஸ் வைத்து எடுத்துப்போக வேண்டும்.

வருடத்தில் இரண்டு முறை பார்ப்பது நல்லது. சித்திரை, வைகாசியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருக்கும்போது ஒன்று, மழை முடிந்து தை மாதத்தில் ஒன்று. ஒரே ஒருமுறைதான் முடியும் என்றால் கோடையில் எடுத்த மாதிரியை நம்பலாம்.

முடிவுத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சிய சோடியம் கார்பனேட். ஆர்.எஸ்.சி. என்று போட்டிருப்பார்கள். கார்பனேட், பைகார்பனேட் இரண்டின் கூட்டுத்தொகையிலிருந்து கால்சியம், மக்னீசியம் இரண்டின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருவது அது. லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலன்டுக்குக் கீழே என்றால் பயமில்லை. 1.25 முதல் 2.5 வரை கவனத்தோடு பாய்ச்சலாம். 2.5க்கு மேல் என்றால், அப்படியே பாய்ச்சிக்கொண்டே இருந்தால் மண்ணிலிருக்கும் கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்ளும். மண் துகள்கள் கலைந்து சேறாகி, துவாரங்கள் அடைபட்டுப்போகும். தண்ணீர் இறங்காமல் நிற்பதும், காய்ந்தால் ஓடு கட்டுவதும் அதன் அடையாளங்கள். இரும்பு, துத்தநாகச் சத்துகள் பயிருக்கு எட்டாமல் போவதால் இலை வெளிறும். யூரியா கூட்டிப் போட்டால் சரியாகாது.

இரண்டாவது மின்கடத்தும் திறன். மொத்த உப்பின் அளவைக் காட்டுவது. உலக உணவு வேளாண்மை அமைப்பின் அட்டவணைப்படி, தண்ணீரில் இது 2.1 டெசிசைமன்வரை நிலக்கடலை விளைச்சல் குறையாது. ஆனால் 3.3ஐத் தொட்டால் பாதியாகிவிடும். தாங்கும் தாங்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று விழுகிற பயிர் அது. தக்காளிக்கு 1.7, மக்காச்சோளத்துக்கு 1.1, திராட்சைக்கு 1, பீன்ஸுக்கு வெறும் 0.7. பருத்திக்கு மட்டும் 5.1 வரை கவலையில்லை. என்ன பயிர் வைப்பது என்று முடிவுசெய்வதற்கு முன்னால் இந்த எண் கையில் இருந்தால் ஒரு போக நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

ஆர்.எஸ்.சி. அதிகமாக இருந்தால் ஜிப்சம்தான் மருந்து. கணக்கு எளிது. ஒரு ஏக்கரில் ஒரு அங்குல உயரத்துக்குப் பாய்ச்ச ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரில் ஆர்.எஸ்.சி.யை 1 குறைக்கச் சுத்தமான ஜிப்சம் சுமார் 9 கிலோ. முடிவில் 5 என்று வந்து, அதை 2.5க்கு இறக்க வேண்டுமென்றால், அங்குலத்துக்கு 22 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு தடவைக்கு இரண்டு அங்குலம் பாய்ச்சினால் 45 கிலோ. கடையில் கிடைப்பது முழுச் சுத்தமாக இருக்காது என்பதால் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ போடுவது காய் பிடிக்க. இது வேறு கணக்கு, அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே இறுகிப்போன நிலத்துக்கு எவ்வளவு என்பதை மண் மாதிரியையும் கொடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜிப்சத்தைத் தூவி, மேல் மண்ணில் கலந்து, நன்றாகத் தண்ணீர் கட்டி, அந்தத் தண்ணீர் வடிந்துபோக வழியும் செய்ய வேண்டும். தொழு உரமும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் ஜிப்சத்தின் வேலையை விரைவாக்கும்.

அதைவிடச் செலவு குறைந்த ஒரு வழி சிலமலை வாசகரின் தோட்டத்திலேயே இருக்கலாம். அவர் கைவிட்ட அந்தக் கிணறு! மேல்மட்டத் தண்ணீர் கரிப்பதற்குப் பல நேரங்களில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் காரணம். போருக்கு இல்லாததும் அதுதான். உதாரணத்துக்கு, போர் தண்ணீரில் பைகார்பனேட் 7, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 2 என்றால் ஆர்.எஸ்.சி. 5. கிணற்றில் பைகார்பனேட் 5, மற்ற இரண்டும் சேர்ந்து 9 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் தொட்டியில் சரிபாதி கலந்தால் 6க்கு 5.5. ஆர்.எஸ்.சி. அரையாகிவிடும். மின்கடத்தும் திறன் போரில் 0.9, கிணற்றில் 1.8 என்றால், கலவை 1.35. நிலக்கடலைக்குத் தாராளமாகப் போதும். எனவே கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டில் கொண்டுபோக வேண்டும். கிணற்றைக் குப்பைக் குழியாக்கியிருந்தால், தூர்வார இப்போதும் தாமதமில்லை.

இனி, வீட்டு விஷயம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. நிலையான பற்களின் எனாமல் உருவாவது ஏறத்தாழ 8 வயதுக்குள். அந்த வயதில் அளவுக்கு மீறிய ஃபுளோரைடு உள்ளே போனால், பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டோ பழுப்புக் கோடோ இருக்கும். தேய்த்தால் போகாது. வெள்ளைத் திட்டுக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் பையனைப் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வந்த திட்டைத் தண்ணீரை மாற்றி அழிக்க முடியாது. ஆனால் அவனுக்கு இன்னும் முளைக்க வேண்டிய பற்களும், வீட்டில் மற்ற எல்லோருடைய எலும்பும் இருக்கின்றன. அதிக அளவு பல வருடம் தொடர்ந்தால் முதுகும் மூட்டும் விறைத்துப்போகும். எனவே முடிவு வரும்வரை காத்திருக்காமல், குடிக்கவும் சமைக்கவும் இன்றைக்கே ஊராட்சிக் குடிநீர்க் குழாய்க்கு மாறிவிடுவது நல்லது. குளிக்க, துவைக்க போர் தண்ணீர் இருக்கலாம்.

மழைநீரையும் மறக்க வேண்டாம். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டர் விழுகிறது. வீணாவது போக 750 லிட்டர் தொட்டிக்கு வந்தாலும், குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 25 லிட்டர் என்ற கணக்கில் ஒரு மாதத்துக்கு வரும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, பிறகு பிடிக்க வேண்டும்.

கேள்வி: "டி.டி.எஸ். மீட்டர் வைத்திருக்கிறேன். எங்கள் போர் தண்ணீரில் 570 காட்டுகிறது. காய்ச்சியும் குடிக்கிறோம். இது போதாதா?"
– வாசகி, தேவாரம்.

பதில்: போதாது. அந்த மீட்டர் காட்டுவது எல்லா உப்பும் சேர்ந்த கூட்டுத்தொகையை. 570க்குள் ஃபுளோரைடு 0.5 இருக்கிறதா, 3 இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் ஆவியாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் அளவு கூடத்தான் செய்யும். நைட்ரேட் 45க்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்குப் பால் கரைக்க அந்தத் தண்ணீர் கூடவே கூடாது. மாட்டுக்கொட்டகை, எருக்குழி, கழிப்பறைத் தொட்டி பக்கத்தில் இருக்கும் கிணறுகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஃபுளோரைடு உறுதியானால் ஆர்.ஓ. இயந்திரம் அதைக் குறைக்கும். ஆனால் அதிலிருந்து வெளியேறும் கழிவு நீரில் ஃபுளோரைடு முன்பைவிடக் கெட்டியாக இருக்கும். அதை மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது. கால்நடைகளுக்கும் 2 மில்லிகிராம்தான் எல்லை.

கேள்வி: "ஏலத்தோட்ட வேலைக்கு போடிமெட்டு வழியாக ஜீப்பில் போய்வருகிறோம். அங்கே ஓடைத் தண்ணீர்தான் குடிக்கிறோம். மேலே மருந்து அடிக்கிறார்கள். தண்ணீரில் மருந்து கலந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?"
– வாசகி, போடிநாயக்கனூர்.

பதில்: மேலே சொன்ன இரண்டு பரிசோதனைகளிலும் பூச்சிமருந்து தெரியாது. அதற்குத் தனிக் கருவிகள் உள்ள ஆய்வகம் வேண்டும். கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சிக்கொல்லி எச்சத்தைக் கண்டறியும் ஆய்வகம் இருக்கிறது. செலவு அதிகம். எந்த மருந்து அடித்தார்கள் என்ற பெயரும் தெரிந்தால்தான் தேடுவது சுலபம். ஓடையில் மருந்து ஒருநாள் இருக்கும், மறுநாள் அடித்துப்போய்விடும். பாட்டிலில் பிடித்த நேரத்தில் இல்லை என்பதால் எப்போதும் இல்லை என்று ஆகாது. அதனால் மருந்து அடிக்கும் நாட்களிலும், அடித்தபின் பெய்யும் முதல் மழையின்போதும் ஓடைத் தண்ணீரைக் குடிக்காமல், ஊரிலிருந்தே கேனில் கொண்டுபோவதுதான் பாதுகாப்பு. மற்ற நாட்களில் மலைத் தண்ணீரில் உப்பு குறைவு, கிருமிதான் கவலை. அங்கே காய்ச்சிக் குடிப்பது பலன் தரும்.

மருந்து டிரம்மை நிரப்பும் ஹோஸின் முனை மருந்துக் கலவைக்குள் மூழ்கிக் கிடக்கக் கூடாது. மோட்டார் நின்றதும் அந்தக் குழாயே மருந்தைக் கிணற்றுக்கோ ஓடைக்கோ திருப்பி இழுத்துவிடும். டிரம்மின் விளிம்புக்கு ஒரு சாண் மேலே ஹோஸைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். சொட்டுநீரில் உரம் விடுகிறவர்கள் மோட்டார் குழாயில் திரும்பு நீரைத் தடுக்கும் வால்வு இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.